முதல் ரேசிங் சைக்கிள்: சங்கிலியை அடகு வைக்க முதல் ஒருக்கா வாசியுங்கோ

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வெளியில் வர, வாசலில் ஒரு தகப்பன் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். என்னிடம் ஏ.எல். படிக்கும் மாணவன் ஒருவனின் அப்பா. கடற்றொழில். இரவு கடலுக்குப் போய் வந்தவர் இன்னும் நித்திரை கொள்ளவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"சேர், பெடியன் ஒரு ரேசிங் சைக்கிள் பாத்து வச்சிருக்கிறான். நீங்களும் சைக்கிள் ஓடுறனீங்கள்தானே, ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. நல்லதெண்டால் மனிசியின்ர சங்கிலியை வைக்கலாமெண்டு இருக்கிறம்."

போனில் படத்தைக் காட்டினார். மெல்லிய ரயர், கீழே வளைந்த ஹாண்டில், முன்னுக்கும் பின்னுக்கும் டிஸ்க் பிறேக், பிறேமில் பெரிய எழுத்தில் ஒரு பெயர். பார்க்க நல்ல வடிவு. விலை 145,000 ரூபா. நான் பெயரைத் தேடிப் பார்த்தேன். அந்தப் பெயரில் உதிரிப்பாகம் விற்கிற ஒரு இடமும் எனக்குக் கிடைக்கவில்லை.

"இதுக்குச் சங்கிலியை வைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. மகனுக்கு என்ன சொல்வது என்ற கவலை. வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். அந்த மாணவனும் இதை வாசிப்பான் என்று தெரியும். கோபமாக இருப்பான். பரவாயில்லை, வாசி தம்பி.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடமராட்சியில் இருந்துகொண்டு, கையில் கொஞ்சக் காசோடு, முதல் தரமாக ரேசிங் சைக்கிள் வாங்குகிற ஒருவர், கப்பலில் வந்து இறங்குகிற பாவித்த ஜப்பான் சைக்கிளைத்தான் பார்க்க வேண்டும். இரும்பு பிறேம், அலுமினிய ரிம், சாதாரண ரிம் பிறேக், ஊரில் கிடைக்கிற அளவு ரயர். வடிவு கடைசி.

ஏன் என்று கேட்டால், முதலில் காற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

காற்றைப் பற்றி வல்வெட்டித்துறை ஆட்களுக்கு நான் படிப்பிக்க வெளிக்கிட்டால் சிரிப்பீர்கள். இங்கே கட்டின பாய்க்கப்பல் அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. தைப்பொங்கலுக்குக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிற சனத்துக்கு வாடை எது, சோளகம் எது, கச்சான் எது என்று தோலுக்கே தெரியும். ஆனால் சைக்கிள் வாங்கப் போகும்போது மட்டும் அதை மறந்துபோகிறோம். எங்களுக்கு மலை இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கத் தட்டை. யூடியூப்பில் சைக்கிள் பற்றிப் பேசுகிற வெள்ளைக்காரர் முக்கால்வாசி நேரம் மலை ஏறுவதைப் பற்றித்தான் பேசுவார்கள். அதனால்தான் அவர்களுக்கு எட்டுக் கிலோவா ஒன்பது கிலோவா என்பது பெரிய கதை. அறுபது கிலோப் பெடியன் பதினொரு கிலோ சைக்கிளில் தட்டை ரோட்டில் போகும்போது, சைக்கிளில் இரண்டு கிலோ குறைந்தால் மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு மூன்றுகூடக் குறையாது. தண்ணீர்ப் போத்தலை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பாதி கணக்கு முடிந்தது.

எங்கட மலை வல்லைவெளி. நெல்லியடிப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு மரம் மறைப்பில்லாத வெட்டை. யாழ்ப்பாணம் எங்களுக்குத் தென்மேற்கில் இருக்கிறது, சோளகமும் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் மட்டும் போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். மார்கழி, தையில் வாடைக்கு இது அப்படியே மாறிவிடும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீற்றரில் போகிறவன் 30க்குக் கூட்டினால், எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். அதற்குக் கால் கொடுக்க வேண்டிய வலு மூன்றேகால் மடங்குக்கும் மேலே போய்விடும். எதிர்க்காற்று என்றால் இதற்கு மேலால். அந்தக் கீழே வளைந்த ஹாண்டில் ரேசிங் சைக்கிளில் இருப்பது இதற்காகத்தான். உடம்பைப் பணித்து, காற்றுக்குக் குறைந்த இடம் கொடுக்க. ரேசிங் சைக்கிளின் உண்மையான இலாபம் அந்த ஹாண்டிலிலும், நன்றாகக் காற்று அடித்த நல்ல ரயரிலும், உங்கள் உடம்புக்குப் பொருந்துகிற பிறேமிலும்தான் இருக்கிறது. இந்த மூன்றும் முப்பது வருடப் பழைய ஜப்பான் சைக்கிளிலும் இருக்கும். புதுச் சைக்கிளில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

உடம்புக்குப் பொருந்துவது பற்றி எங்களிடம் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. "வளருவான்தானே, பெரிசா எடுப்பம்." சப்பாத்துக்கும் காற்சட்டைக்கும் அது சரி. நானே அப்படித்தான் பழகினேன். வாப்பாவின் ரலி சைக்கிளில், சீற்றில் ஏற முடியாமல், பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டுச் சரிந்து சரிந்து சோனகத் தெருவில் ஓடினேன். எனக்குச் சீற் எட்டுகிற உயரம் வர முதல் 1990 ஒக்ரோபர் வந்துவிட்டது. அந்தச் சைக்கிள் எங்களோடு வரவில்லை.

பிறகு 2022இல், கல்வி அறிவுள்ள ஒரு ஆசிரியனாக, அதே பிழையைக் காசு கொடுத்துச் செய்தேன். ஜூன் கடைசியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்த நாட்கள் ஞாபகம் இருக்கும். பஸ் ஒழுங்கில்லை. கிழமை நாட்களில் இங்கே அறையில் தங்குகிற நான், சனி ஞாயிறுக்கு யாழ்ப்பாணம் போக வழி இல்லை. ஊரெல்லாம் சைக்கிளுக்கு ஓடின நேரம் நானும் ஓடினேன். ஒரு கடையில் ஒரே ஒரு ரேசிங் சைக்கிள் நின்றது. "சேர், உங்களுக்கெண்டே செய்த மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர். நான் ஐந்தடி ஐந்தங்குலம். பிறேம் 58 அளவு. 61,000 ரூபா கொடுத்து வாங்கி, அன்றைக்கே வல்லைவெளியில் சோளகத்துக்கு எதிராக மிதித்து வீட்டுக்குப் போனேன். போய் இறங்கினபோது இரண்டு உள்ளங்கையும் விறைத்துப் போயிருந்தது. கழுத்து திரும்பவில்லை. உம்மா கதவைத் திறந்து, "ஆரோ அடிச்சவங்களா?" என்று கேட்டா. இரண்டு மாதம் என் உடம்பில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் அளவுதான் முதல். பெடல் சுற்றுகிற நடு அச்சின் மையத்திலிருந்து சீற் குழாயின் மேல் நுனி வரை அளந்தால் பிறேமின் அளவு வரும். ஐந்தடி ஏழு அங்குலப் பெடியனுக்கு 52இலிருந்து 54 சென்ரிமீற்றர். ஐந்தடி ஓரங்குலப் பிள்ளைக்கு 48 அல்லது 49. அளவுநாடா இல்லாவிட்டால் சைக்கிளுக்கு மேலால் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி நில்லுங்கள். பாருக்கும் உங்களுக்கும் இடையில் இரண்டு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும். சீற் உயரத்துக்கு, சீற்றில் இருந்துகொண்டு குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் ஆகக் கீழே நிற்கும்போது முழங்கால் நேராக வர வேண்டும். பிறகு பாதத்தின் முன்பக்கத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கும். அது போதும். எங்கட ஆட்கள் சீற்றை மிகவும் பதித்து வைத்து ஓடுவார்கள், இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்று. முழங்கால் நோகுது என்று பிறகு எண்ணெய் பூசுவார்கள்.

அந்த 58 சைக்கிளில் எனக்கு இரண்டாவது பாடமும் கிடைத்தது. ரயர். பின் ரயர் கிழிந்தது. மாற்றப் போனால், பருத்தித்துறையில் இல்லை, நெல்லியடியில் இல்லை, யாழ்ப்பாணத்தில் நான்காவது கடையில்தான் விளங்கப்படுத்தினார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பழைய ரேசிங் சைக்கிளில் இரண்டு அளவு வட்டம் இருக்கிறது. ஒன்று 27 இஞ்சி. ரயர் ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம் 630 மில்லிமீற்றர். மற்றது 700சீ. அது 622. எட்டு மில்லிமீற்றர் வித்தியாசம்தான். ஆனால் ஒன்றின் ரயர் மற்றதில் ஏறாது, அல்லது ஏறி ஓட்டத்தில் கழன்றுவிடும். ஊரில் அப்பாமார் ஓடுகிற பெரிய சைக்கிளின் 28×1½ ரயர் இன்னொன்று, 635. ஜப்பானிலிருந்து வருகிற கூடை வைத்த சாதாரண சைக்கிள்களில் அதிகம் இருப்பது 26×1⅜, அது 590. பெயரைப் பார்த்துக் குழம்பாதேங்கோ. ரயரின் பக்கவாட்டில் 25-622, 32-630 என்று சின்னதாக அச்சடித்திருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு 622தான் நல்லது. உலகம் முழுக்க இப்போது ரேசிங் சைக்கிளுக்கு அந்த அளவுதான், அதனால் எப்படியும் எடுக்கலாம். நல்ல பிறேம் ஒன்று 630 வட்டத்தோடு வந்தால் உடனே தள்ளிவிடவும் வேண்டாம். 622 வட்டம் இரண்டைப் போட்டால், பிறேக் கட்டை நான்கு மில்லிமீற்றர் கீழே இறங்க வேண்டும். பழைய பிறேக்குகள் பலவற்றில் அதற்கு இடம் இருக்கும். கடையிலேயே கட்டையை இறக்கிப் பார்த்துவிடலாம்.

ரயர் அகலத்தில் இன்னொரு மூடநம்பிக்கை. "மெல்லிசாய் இருந்தால் வேகம் கூட." முன்பு ரேஸ் ஓடுகிறவர்களும் அப்படித்தான் நம்பினார்கள், 23 மில்லிமீற்றர் ரயரில் ஓடினார்கள். இன்றைக்கு தூர் த பிரான்ஸ் ஓடுகிறவர்களே 28க்கு வந்துவிட்டார்கள். குலுக்கம் குறைந்தால் வேகம் கெடாது என்று அளந்து கண்டுபிடித்துவிட்டார்கள். தொண்டைமானாற்றிலிருந்து பொலிகண்டி வரை கரையோர வீதியில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டுகிற இடங்கள் இருக்கின்றன. அதில் 23 ரயரோடு வளைவில் திரும்பிப் பாருங்கள். பிறேமும் போர்க்கும் இடம் கொடுத்தால் 28, இன்னும் இடம் இருந்தால் 32.

சரி, ஏன் ஜப்பான், ஏன் பழையது, ஏன் இரும்பு?

என்னோடு படிப்பிக்கிற அண்ணை ஒருவர், வல்வெட்டித்துறைக்காரர், தொண்ணூறுகளின் கதையைச் சொல்வார். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைக் கொழுவிச் செய்தி கேட்டதாம். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் சுற்றுகிறவருக்குக் கை நோகும் என்பார். நான் அந்த வருடங்களில் இங்கே இருக்கவில்லை, புத்தளத்தில் இருந்தேன். ஆனால் அந்தக் காலம் விட்டுப்போன ஒன்றை இன்றைக்கும் காண்கிறேன். சந்திக்குச் சந்தி ஒரு சைக்கிள் கடை. அதில் அறுபது வயது தாண்டின ஒரு ஐயா. நெளிந்த ரிம்மைக் கம்பி இறுக்கி நேராக்குவார். அச்சைக் கழற்றிக் குண்டுகளைக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் போட்டுப் பூட்டுவார். பிறேம் வெடித்தால் ஒட்டுவதற்கு ஆளைத் தெரியும். இந்தக் கைகளுக்குத் தெரிந்த பொறிமுறையோடு ஒரு ரேசிங் சைக்கிள் இருக்குமானால், அது இருபது வருடம் ஓடும். பழைய ஜப்பான் சைக்கிள் அப்படிப்பட்டது. பிரிட்ஜ்ஸ்ரோன், மியாட்டா, மருயிஷி என்று பெயர் எதுவாகவும் இருக்கட்டும், உள்ளே இருப்பது கூம்பும் குண்டும்தான். அந்த 145,000 ரூபாச் சைக்கிளின் டிஸ்க் பிறேக் கட்டை தேய்ந்தால் ஐயாவிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இணையத்தில் ஓடர் பண்ணி, வருமட்டும் சைக்கிள் சுவரோடு சாய்ந்து நிற்கும்.

பாவித்த சைக்கிளில் ஏமாற்று இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறைய இருக்கிறது. புதுப் பெயின்ற் அடித்தது என்றால் நான் கிட்டப் போகமாட்டேன், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. கடைக்குப் போகும்போது இரண்டு சாமான் கொண்டு போங்கள். ஒன்று, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கிற காந்தம். மற்றது, பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டம்.

காந்தத்தை ரிம்மில் வையுங்கள். ஒட்டினால் குரோம் பூசின இரும்பு ரிம். மழையில் பிறேக் பிடித்தால் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். எங்கட மாரி மழையில் அது உயிர்ப் பிரச்சினை. காந்தம் விழுந்தால் அலுமினியம். அதைத்தான் எடுக்க வேண்டும்.

அடிமட்டம் செயினுக்கு. சைக்கிள் செயினில் முள்ளுக்கு முள் அரை இஞ்சி. புதுச் செயினில் 24 இடைவெளி சரியாகப் பன்னிரண்டு இஞ்சி வரும். அடிமட்டத்தின் பூச்சியத்தை ஒரு முள்ளின் நடுவில் வைத்து, 24ஆவது இடைவெளி முடிகிற முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டுக்கு மேலே பதினாறில் ஒரு இஞ்சி தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு இஞ்சி தள்ளி நின்றால் செயினோடு பின் பற்சில்லுகளும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவையும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அடிமட்டத்தை வெளியில் எடுத்தாலே கடைக்காரரின் பேச்சு கொஞ்சம் மாறும்.

அடுத்தது உப்பு. கடற்கரை ஊர்களில் நின்ற சைக்கிள் என்றால் கட்டாயம் பாருங்கள். சீற் தண்டும் ஹாண்டில் தண்டும் அலுமினியம், அவை இறங்குகிற குழாய் இரும்பு. உப்புக் காற்றில் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்து, பிறகு எந்தச் சாவி போட்டாலும் அசையாது. வாங்க முதல் இரண்டையும் தளர்த்தி ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். "அது வீட்ட போய்ச் செய்யலாம்" என்றால் அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள். பிறேமின் கீழ்ப்பக்கம், குழாய்கள் சேருகிற மூலைகளில் பெயின்ற் தலைமயிர் போல வெடித்திருக்கிறதா, முன் போர்க் பின்னால் தள்ளுப்பட்டிருக்கிறதா என்று குந்தியிருந்து பாருங்கள். எங்கேயாவது மோதின சைக்கிள் அங்கேதான் உண்மையைச் சொல்லும். பிறேமில் டாங்கே என்றோ, குரோமியம் மொலிப்டினம் என்றோ ஒரு ஸ்ரிக்கர் மிச்சம் இருந்தால் அது நல்ல உருக்குக் குழாய்.

கியரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தட்டை ஊரில் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஆறு ஏழு இருந்தால் காணும். முன்னுக்கு 42 பல், பின்னுக்கு 17 பல் என்று வைத்து, நிமிடத்துக்கு 85 தரம் மிதித்தால் கிட்டத்தட்ட மணிக்கு 26 கிலோமீற்றர் வரும். தொடக்கக்காரருக்கு அதுவே நல்ல வேகம். பெரிய கியரைப் போட்டு மெதுவாக, பலமாக மிதிப்பது வீரம் இல்லை, முழங்காலுக்குக் கேடு. இலேசான கியரில் வேகமாகச் சுற்றப் பழக வேண்டும். இது ஒன்றுக்கும் காசு தேவையில்லை.

விலை? நான் இப்போது ஓடுகிற சைக்கிள், 52 அளவு, 622 வட்டம், போன வருடம் 48,000 ரூபாவுக்கு வாங்கினேன். இரண்டு ரயர், ரியூப், செயின், பிறேக் கட்டை, கம்பிகள், ஐயாவின் கூலி என்று இன்னும் 17,000 போனது. அந்த இரண்டாவது தொகையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கையில் இருக்கிற காசில் நாலில் ஒன்றை சைக்கிள் வாங்கின பிறகு செலவழிக்க என்று ஒதுக்கி வையுங்கள். தலைக்கவசம், பின்னால் ஒரு சிவப்பு லைற், ஒட்டுகிற சாமான், ஒரு சின்னப் பம்ப். ரேசிங் ரியூப்பின் மெல்லிய வால்வுக்கு எங்கட கடைப் பம்ப் பொருந்தாது. அதற்கு விரல் நுனி அளவில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது, மிக மலிவு. இரண்டு வாங்கி, ஒன்றை வால்விலேயே முறுக்கி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் வல்லைவெளி நடுவில் நின்று என்னை நினைப்பீர்கள்.

வசதி உள்ளவர்கள் புதிதாக வாங்கட்டும், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பெயர் உள்ள கம்பனி, ஷிமானோ கிளாரிஸ் கியர், விற்ற கடையே திருத்தித் தரும் என்றால் நல்ல சாமான்தான். ஆனால் அதன் விலை அந்த 145,000ஐத் தாண்டிப் போகும். நடுவில் நிற்கிற, ரேசிங் சைக்கிள் மாதிரித் தோற்றம் மட்டும் உள்ள வகையைத்தான் வேண்டாம் என்கிறேன். அது கடன்பட்டு வாங்குகிற வீடுகளைக் குறி வைத்துத்தான் வருகிறது.

இன்னொன்றையும் அந்தத் தகப்பனுக்குச் சொன்னேன். வீட்டில் ஒரு லுமாலா நிற்கிறது. அதன் ரயருக்கு இறுக்கமாகக் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சீற்றைச் சரியான உயரத்துக்கு ஏற்றிக் கொடுங்கள். ஒரு மாதம், கிழமைக்கு மூன்று நாள், விடிய ஐந்தரைக்கு எழும்பிப் பருத்தித்துறை போய் வரட்டும். மழை, நித்திரை, ரியூசன் எல்லாம் தாண்டி அந்த மாதம் முடிந்தால் சைக்கிள் தேடலாம். முடியாவிட்டால் சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கும்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் இந்தக் கதை எப்படியோ பரவிவிட்டது. பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பி, "சேர், ரேசிங் சைக்கிள் பெடியளுக்கு மட்டும்தானே வாங்கிக் குடுப்பினம்?" என்று கேட்டா. வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, பதிலும் வரவில்லை. அவ தினமும் உடுப்பிட்டிப் பக்கமிருந்து எதிர்க்காற்றில் மிதித்து வருகிற பிள்ளை. பள்ளிக்கும் ரியூசனுக்கும் போகிற பெண்பிள்ளைகள் ஓடுகிற அளவுக்கு இந்தக் குடாநாட்டில் வேறு யார் சைக்கிள் ஓடுகிறார்கள்? படிப்பு முடிந்த உடனே ஒரு ஸ்கூட்டியை வாங்கிக் கொடுத்து அந்தக் கால்களை நிற்பாட்டிவிடுகிறோம். மகளின் சைக்கிளுக்காகச் சங்கிலியை வைக்கலாமா என்று கேட்டு இதுவரை ஒரு தகப்பனும் என்னிடம் வந்ததில்லை. நான் எனக்கே கேட்டுப் பார்த்தேன், என் மகளுக்கு நான் வாங்கினது கூடை வைத்த சைக்கிள்தான். அவ கேட்கவில்லை என்பது என் சாட்டு.

பெண்பிள்ளைகளுக்குப் பார்க்கும்போது, சின்ன பிறேமோடு சேர்த்து, பிறேக் பிடி விரலுக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். பழைய ரேசிங் பிடிகள் பெரிய கைக்குச் செய்தவை. எட்டாவிட்டால் வளைந்த ஹாண்டிலைக் கழற்றி நேர் ஹாண்டில் ஒன்றைப் போட்டு, சாதாரண பிடி பூட்டலாம். ஐயா ஒரு மணித்தியாலத்தில் செய்து தருவார். காற்றுக்குக் கொஞ்சம் கூட இடம் கொடுக்கும், ஆனால் பயமில்லாமல் நிற்பாட்டலாம்.

மாணவன் நேற்று வந்து என்னோடு கதைத்தான். முகம் இன்னும் உம் என்றுதான் இருக்கிறது. ஆனால் விடியப் பருத்தித்துறை போய் வந்தானாம், போக 24 நிமிடம், வர 31 நிமிடம். "ஏன் சேர் வர லேற்றாகுது?" என்றான். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டுக் கச்சான் என்றான்.

மாதம் முடிய, இன்ஷா அல்லாஹ், ஒரு சனிக்கிழமை நெல்லியடியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை கடை கடையாக ஏறி இறங்கப் போகிறோம். அதற்கிடையில் யாருடைய வீட்டுக் கொட்டிலிலாவது 52 அல்லது 54 அளவில், 622 வட்டத்தோடு ஒரு ரேசிங் சைக்கிள் சும்மா நின்றால் இன்பொக்சில் சொல்லுங்கள். 48இலோ 49இலோ ஒன்று இருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையின் வீட்டில் நான் போய்க் கதைக்க வேண்டும். பெயின்ற் அடிக்க வேண்டாம், இருக்கிற மாதிரியே படம் எடுத்து அனுப்புங்கோ.